கணக்கில் வராத பிள்ளைகள்

(குனோங் ராபாட்டில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டுச் சிலர் வந்திருக்கிறீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே சிலர் வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில் ஒரு பையன் இருந்தான். கால் இரண்டும் சூம்பியிருக்கும், பேச்சு வராது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் அவன் அம்மா கதவோரம் பாய் விரித்து அவனை உட்கார வைத்துவிட்டுப் போவார். ஆயாக் கொட்டகையில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். மணி அடித்தால் அவன் சிரிப்பான். ஒரு நாளும் அந்தப் பள்ளிக்குள் அவன் போனதில்லை. "தலையெழுத்து" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அந்தக் குடும்பம் எங்கே போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது தலையெழுத்து அல்ல. யாரும் அவனைக் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அரசாங்கம் எப்படித் திட்டம் போடுகிறது? எத்தனை பிள்ளைகள் என்று முதலில் எண்ணும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் வகுப்பறை, ஆசிரியர், சிகிச்சையாளர், பண ஒதுக்கீடு எல்லாம். நம் நாட்டில் ஓ.கே.யூ. என்று சமூகநல இலாகாவில் பதிந்தவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உலக மக்களில் 16 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. உலகப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் இப்படிப்பட்டவர் என்று யுனிசெப் 2021-இல் சொன்னது. அப்படியானால் மற்றப் பிள்ளைகள் எங்கே? வீட்டுக்குள் இருக்கிறார்கள். நம் வீட்டுக்குள்ளும்தான்.

ஏன் பதியவில்லை? சிலருக்கு வெட்கம். "அக்காளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், இவனை வெளியே காட்டாதே" என்று சொல்லும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்குப் பத்திரம் இல்லை. அப்பா அம்மாவின் திருமணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. பிறப்புப் பத்திரத்தில் குளறுபடி. அதனால் மைகிட் இல்லை, மைகிட் இல்லாததால் ஓ.கே.யூ. கார்டு இல்லை, கார்டு இல்லாததால் உதவித்தொகை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய் மகளைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனார். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பாரம், ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆறாவது முறை அவர் போகவில்லை. "விண்ணப்பம் இல்லை" என்று அலுவலகம் எழுதிக்கொள்ளும். "தேவை இல்லை" என்று மேலிடம் படித்துக்கொள்ளும்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1997-இல் வந்த சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியின்றித் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைதான் கல்வி பெறத் தகுதியான பிள்ளை என்றன. எங்கள் லயத்துப் பையனுக்கு அந்தக் கதவு சட்டப்படியே மூடியிருந்தது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிறகு 2008-இல் உடற்குறையுள்ளோர் சட்டம் வந்தது. அதன் 28-ஆம் பிரிவு, உடற்குறையைக் காரணம் காட்டிப் பாலர் பள்ளி முதல் உயர்கல்வி வரை யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. 2010-இல் மலேசியா ஐ.நா. உடற்குறையுள்ளோர் உரிமை ஒப்பந்தத்தையும் ஏற்றது. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் வைத்தார்கள். திருப்பி அனுப்புகிறவருக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்தத் தண்டனையும் வைக்கவில்லை. அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி 41-ஆம் பிரிவு காப்பும் கொடுத்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில், பாகுபாடு கூடாது என்னும் பட்டியலில் 2001-இல் பாலினத்தைச் சேர்த்தார்கள். உடற்குறையைச் சேர்க்கவில்லை. சட்டத்தைத் திருத்துங்கள் என்று உடற்குறையுள்ளோர் இயக்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதனால்தான்.

நம் சமூகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டில் ஐநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் சிறப்புக் கல்வி வகுப்பு உள்ளவை மிகக் குறைவு. அண்ணன் தமிழ்ப்பள்ளியில் படிப்பான், பேச்சு வராத தம்பி வேறு மொழிப் பள்ளிக்குப் போக வேண்டும். வீட்டில் கேட்கும் மொழி ஒன்று, பயிற்சியில் கேட்கும் மொழி இன்னொன்று. இரண்டு வார்த்தை பேசவே திணறும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பாரம்! தமிழ் தெரிந்த சிகிச்சையாளரையும், தமிழ்ப்பள்ளியில் சிறப்பு வகுப்பையும் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அது அந்தப் பிள்ளைக்கு வேண்டிய மருந்து.

வழி இல்லாமல் இல்லை. சமூக மறுவாழ்வு மையம், அதாவது பி.டி.கே., 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் 55 பேருடன் தொடங்கியது. பிள்ளை பெரிய ஊருக்கு அலையாமல், சேவை பிள்ளையின் கம்பத்துக்கு வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கான மையங்கள். நம் ஈப்போவிலேயே பெர்ச்சாமில் சுல்தான் இட்ரிஸ் ஷா அறவாரியம் மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. பக்கத்தில் இருந்தும் நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

எனவே வீட்டுக்குப் போனதும் நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, கிளினிக்கில் குழந்தைக்கு ஊசி போடும்போதே, கழுத்து நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்றால் கேளுங்கள். "ஆம்பளப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள். முதல் ஐந்து ஆண்டுப் பயிற்சிக்கு ஈடு கிடையாது.

இரண்டு, அரசாங்க மருத்துவரிடம் பாரத்தை நிரப்பி சமூகநல இலாகாவில் பதியுங்கள். பத்திரச் சிக்கல் இருந்தால் தனியாக அலையாதீர்கள். எங்களோடு சேர்ந்து வாருங்கள்.

மூன்று, பள்ளி இடமில்லை என்றால், அதை எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகலாம், சுஹாகாமிலும் புகார் செய்யலாம். வாய்ச் சொல்லுக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லாது.

நான்கு, எல்லாக் காகிதத்தையும் நகல் எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குக் கல்வி அமைச்சின் மாதாந்திர உதவித்தொகை வருகிறதா என்று பள்ளியில் கேளுங்கள். அது பிள்ளையின் பணம்.

கடைசியாக ஒன்று. இங்கே பின்வரிசையில் ஒரு பாப்பா மைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தட்டுகிறது. அதன் அம்மா இரண்டு முறை அதை வெளியே தூக்கிப் போகப் பார்த்தார். அம்மா, தயவுசெய்து உட்காருங்கள். கூட்டமே உங்கள் பிள்ளைக்காகத்தான். எங்கள் லயத்துப் பையனைக் கதவோரத்தில் விட்டுவிட்டோம். இந்தப் பிள்ளையை விட மாட்டோம்.

போகும்போது வாசலில் உள்ள புத்தகத்தில் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். முதல் கணக்கை நாமே எடுப்போம்.