உயிர் பிழைத்த பிறகு



பெங்களூரில் ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்குப் பேர்போன இடம். ஆனால் அங்கே காவலாளி, துப்புரவுத் தொழிலாளி, டிரைவர், கொத்தனார் எல்லோரும் உண்டு. ஓசூரிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் பலர்.

அந்தச் சாலையில் ஓர் இளைஞர் பைக்கில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் தலையில் இல்லை. கண்ணாடிக் கம்பியில் தொங்குகிறது. லாரி இடித்து விழுகிறார். தலையில் பலத்த அடி. பல நாள் நினைவில்லை. பிறகு கண் விழிக்கிறார். மனைவிக்கு உயிர் வந்தது போல் இருக்கிறது. நேர்த்திக்கடனும் செலுத்தியாகிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிகிறது. காலையில் சாப்பிட்டதை மதியம் மறக்கிறார். சின்னச் சத்தம் கேட்டாலும் தட்டை வீசுகிறார். "பேய் பிடித்திருக்கிறது" என்கிறார் அம்மா. "எல்லாம் திமிர்" என்கிறார் மாமனார்.

இரண்டும் இல்லை. மூளை மிருதுவானது. அடி விழும்போது மண்டை ஓட்டுக்குள்ளேயே குலுங்கி மோதுகிறது. கோபத்தை அடக்குவதும், யோசித்துச் செய்வதும் நெற்றிப் பக்க மூளையின் வேலை. அங்கே காயம் பட்டால் குணம் மாறும். கால் உடைந்தவர் நொண்டுவது போலத்தான் இதுவும். கட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இவருக்கு என்ன வேண்டும்? கை கால்களுக்குப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, மறதிக்குப் பயிற்சி வேண்டும். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் மெதுவாக வரும். மாத்திரை வாங்க அலைகிற குடும்பங்கள்கூட, பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுகின்றன. நஷ்டம் அங்கேதான்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். "7 மணி பல் தேய்க்க. 8 மணி இட்லி. 9 மணி மாத்திரை." பெரிய எழுத்தில் எழுதுங்கள். முடித்ததும் அவரே கோடு போடட்டும். எழுதப் படிக்கக் கற்ற மனைவி இதைச் செய்யலாம். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். களைத்தால் படுக்கட்டும்.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மது கூடாது. டாக்டர் சொல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது. பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அண்ணனோ நாத்தனாரோ வந்து இருக்கட்டும்.

இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவரா? 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் உதவி கேட்கலாம். வெட்கப்படாமல் கேளுங்கள்.

அதே ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. மூளை நரம்பு நோயாளிகளின் மறுவாழ்வுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், மாத்திரைச் சீட்டு எல்லாம் கொண்டுபோங்கள். அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். டாக்டருக்கு அது உதவும்.