ஒழுங்கும் குழப்பமும் இயல்பறிவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேரண்டத்தில் காணும் ஒழுங்கும் குழப்பமும், அவற்றினூடே இயங்கும் அறிவும் என்பது இன்று நமக்கு அளிக்கப்பெற்ற பொருள். பொருளோ கடலினும் பெரிது. நேரமோ கால் மணி. ஆகவே வானத்தில் தொடங்கினும் விரைவாக இறங்கி, நம் காலனியின் வாசற்படிக்கு வந்து சேர்வதே நம் நோக்கம்.

வானம் ஒழுங்கின் இருப்பிடம் என்பது பழைய நம்பிக்கை. அதற்குக் கணக்கு வடிவம் தந்தவர் நியூட்டன். அவருடைய பெருநூல் 1687-இல் வெளிவந்தது. அக் கணக்கைத் துணைக்கொண்டு ஹாலி என்னும் அறிஞர், ஒரு வால்வெள்ளி 1758-இல் மீண்டும் தோன்றும் என்று கூறினார். 1742-இல் அவர் மறைந்தார். அவர் குறித்த ஆண்டின் டிசம்பர் மாதத்தில் வால்வெள்ளி வந்தது. சொன்னவர் இல்லை, சொல் பலித்தது. இத்தகைய வெற்றிகளைக் கண்டோர், இன்றைய நிலையை முற்றும் அறிந்தால் நாளைய நிலையையும் முற்றும் கூறிவிடலாம் என்று இறுமாந்தனர்.

அந்த இறுமாப்பை அசைத்தவற்றுள் ஒன்று மிகச் சிறிய எண். 1961-இல் அமெரிக்காவில் எட்வர்டு லாரன்ஸ் என்னும் வானிலை அறிஞர், கணிப்பொறியில் ஒரு கற்பனை வானிலையை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணக்கை நடுவிலிருந்து மீண்டும் ஓட்ட விரும்பி, பொறி அச்சிட்டுத் தந்திருந்த 0.506 என்னும் எண்ணைப் புகுத்தினார். பொறியின் நினைவில் இருந்த எண்ணோ 0.506127. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் சிறிது சிறிதாய் விலகிய இரண்டு வானிலைகளும், இறுதியில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை ஆயின. 1963-இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இங்கே ஒன்றை உற்று நோக்க வேண்டும். அக் கணக்கில் விதி எவ்விடத்தும் மீறப்படவில்லை. ஒவ்வோர் அடியும் விதிப்படியே நடந்தது. விதி இருந்தும் முடிவை முன்கூட்டி அறிய இயலவில்லை. குழப்பம் என்று நாம் இகழ்வதன் உள்ளேயும் விதி குடியிருக்கக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது. நம் நாட்டுப் பருவமழையையே பாருங்கள். இன்றைக்கு இருபதாம் நாள் நம் தெருவில் மழை பெய்யுமா என்று உறுதிகூற வல்லார் இன்றும் இல்லை. ஆயினும் ஜூன் மாதத் தொடக்கத்தை ஒட்டி அது கேரளக் கரையை அடைகிறது. சில நாள் முன்பின் ஆகலாம், வராது போவதில்லை. அன்றாட வானிலை தறிகெட்டு ஓடினும், கடலின் வெப்பம் மெதுவாகவே மாறுவதால் பருவத்தின் கடிவாளம் அதன் கையில் இருக்கிறது என்று 1981-இல் சார்னி, சுக்லா என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். சுக்லா உத்தரப் பிரதேசத்தில் பிறந்தவர்.

இனி, இவ்வொழுங்கின் பின்னே ஓர் அறிவு உண்டா என்னும் வினா. உண்டு என்று சமயப் பெரியோர் உரைப்பர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் இங்கு நிற்கவில்லை. கறையான் புற்றை மட்டும் காட்டுவோம். அதற்குக் கொத்தன் இல்லை, மேஸ்திரி இல்லை, வரைபடம் இல்லை. ஒரு கறையான் வைத்த மண்ணுருண்டையே அடுத்த கறையானை அவ்விடத்தில் உருண்டை வைக்கத் தூண்டுகிறது என்று 1959-இல் கிராசே என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். தனித்த கறையானிடம் புற்றின் வடிவம் இல்லை. கூட்டத்தில் அது பிறக்கிறது. இதனை அறிவு என்று அழைப்பதா, வேறு பெயர் இடுவதா என்று வாதிடுவோர் வாதிடட்டும். பலர் கூடிய இடத்தில், எவரும் திட்டமிடாத ஒழுங்கு தோன்றும் என்பதே நமக்கு வேண்டுவது.

மனிதரிடத்தில் இது நிகழ்ந்ததைக் கண்கூடாகக் கண்ட இடம் ஒன்று உண்டு. நடு அமெரிக்காவில் நிகராகுவா என்று ஒரு சிறு நாடு. அங்கே காது கேளாத குழந்தைகள் தத்தம் வீடுகளில் தனித்திருந்தனர். பசி, உறக்கம் முதலியவற்றைக் குறிக்க வீட்டார் மட்டும் அறிந்த சில சைகைகளே அவர்களுக்கு இருந்தன. 1977-இல் மனாகுவா நகரில் அவர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கிற்று. 1980-இல் ஒரு தொழிற்பள்ளியும் வந்தது. 1983-க்குள் இரண்டிலும் சேர்ந்து 400-க்கும் மேற்பட்டோர் பயின்றனர். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையும் கற்பிக்க முயன்றனர், பெரும்பயன் விளையவில்லை. ஆனால் விளையாட்டு வெளியிலும் பள்ளிப் பேருந்திலும் குழந்தைகள் தங்கள் வீட்டுச் சைகைகளை ஒன்றோடொன்று கலந்தனர். பார்த்தோர்க்கு அது வெறுங் கையாட்டமாகவே தோன்றியிருக்கும். அதிலிருந்து ஒரு புதிய மொழி பிறந்தது! அதுவும், முதலில் வந்த மூத்த பிள்ளைகளைவிடப் பின்னர் வந்த இளம்பிள்ளைகளிடமே அது செப்பமுற்றது. ஒரு பொருள் சரிவில் உருண்டு இறங்குவதை மூத்தோர் பெரும்பாலும் ஒரே கையசைவில் காட்டினர். இளையோரோ ‘உருளுதல்’ என்பதற்கு ஒன்றும் ‘இறங்குதல்’ என்பதற்கு மற்றொன்றுமாகப் பிரித்து, வரிசைப்படுத்திக் காட்டினர். 2004-இல் வெளிவந்த ஆராய்ச்சி இதனைக் கூறுகிறது. நாம் ‘உருண்டு இறங்கிற்று’ என்று இரு சொல்லாய்க் கூறுவதில்லையா? அக் குழந்தைகளுக்கு இலக்கணம் கற்பித்தவர் எவர்?

இப்போது வாசற்படிக்கு வந்துவிட்டோம். இவ்வூரில் இந்திப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் ஒரு கேள்வி கேட்கின்றனர். “இந்தியில் க வரிசைக்கு நான்கு எழுத்து இருக்கிறதே, தமிழில் ஏன் ஒன்றுதான்?” தந்தையர் சிலர் விழிக்கின்றனர், சிலர் நம் மொழியில் குறை என்றே ஒப்புக்கொண்டுவிடுகின்றனர். குறை ஒன்றும் இல்லை. ‘கல்’, ‘பகல்’, ‘பங்கு’ என்னும் மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதலில் வல்லோசை, உயிர்களின் இடையே மென்மை, ஙகரத்தின் பின்னே வேறோசை. தமிழ்ச் சொற்களில் எழுத்து நிற்கும் இடமே ஓசையைத் தீர்மானிக்கிறது. தமிழ் கேட்டு வளரும் மூன்று வயதுக் குழந்தை இவ்விதியை எவரிடமும் படித்ததில்லை, ஆயினும் பிறழ்வதில்லை. இயல்பறிவு என்பதற்கு இதனினும் அணுக்கமான சான்று நம் வீடுகளில் இல்லை.

ஆனால் அவ்வறிவு வேலை செய்யச் செவியில் தமிழ் விழ வேண்டும். அதுவும் ஒத்த வயதினரின் வாயிலிருந்து விழ வேண்டும். நிகராகுவாக் குழந்தைகள் வீட்டில் தனித்திருந்த காலத்தில் மொழி எழவில்லை என்பதை நினைவில் கொள்க. நம் பிள்ளைகளின் நிலை என்ன? பாட்டியிடம் தமிழ், தாயிடம் பாதித் தமிழ், தம்முள் பேசிக்கொள்வதோ இந்தியும் ஆங்கிலமும். இம் மண்டபத்திலும் அப்படியே. சற்று முன்னர் மேடையில் செய்யுளைப் பிழையின்றி ஒப்பித்த செல்வங்கள், இறங்கியவுடன் இந்தியில் சண்டையிட்டுக்கொண்டதை நாம் எல்லோரும் கேட்டோம். ஒப்பித்தலை நாம் பழிக்கவில்லை. எழுத்து வேறு, பேச்சு வேறு; எழுத்து சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் மனிதர் இயற்றிய கருவியாதலின், அதனை அமர்த்திக் கற்பிக்கவே வேண்டும். நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அதனைச் செய்கிறது. பேச்சு மட்டும் வகுப்பில் வளர்வதில்லை. சண்டையில் வளர்கிறது, ஆட்டத்தில் வளர்கிறது.

ஆதலின் செயற்குழுவிற்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம் இம் மண்டபத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுக. தெற்கிலிருந்து புதிதாய் மாற்றலாகி வந்த குடும்பங்களின் பிள்ளைகளைத் தவறாது அழைத்து வருக. அவர்கள் வாயில் தமிழ் இன்னும் சூடாக இருக்கிறது. பல்லாங்குழியோ கண்ணாமூச்சியோ, ஆட்டம் எதுவாயினும் அவர்களே தெரிந்துகொள்ளட்டும். பெரியவர்கள் தாழ்வாரத்தில் காப்பி அருந்திக்கொண்டிருக்கலாம். உள்ளே வந்து திருத்தம் மட்டும் கூற வேண்டா. கூச்சல் மிகும், நாற்காலி ஒன்றிரண்டு உடையவும் கூடும். அதற்கெனச் சிறு தொகையை ஒதுக்கப் பொருளாளர் இசைவார் என்று நம்புகிறோம். மண்டபச் சாவி செயலாளரிடம் இருக்கிறது.