கல்யாணம் ஆனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் ஆச்சே, பாலம், கான்கிரீட் என்று ஏதாவது பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது என் தங்கை படிப்பை விட்ட கதை. அதில் என் தப்பும் இருக்கிறது. அதனால்தான் இந்த மேடையில் சொல்கிறேன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. அப்பா விவசாயக் கூலி. ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை மட்டும் இல்லையென்றால், நானும் இன்றைக்கு நடவு வயலில் நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருப்பேன். தங்கையும் அதே உதவித்தொகையில்தான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். முதல் வருஷம் முடிந்ததும், 2017-இல் கல்யாணம். இரண்டாம் வருஷப் பரீட்சையை வயிற்றில் பிள்ளையோடு எழுதினாள். மூன்றாம் வருஷம் ஆரம்பிக்கும்போது கையில் குழந்தை.

உதவித்தொகையைப் புதுப்பிக்க அப்பாவின் வருமானச் சான்றிதழைக் கொண்டுபோனாள். "கல்யாணம் ஆயிடுச்சே, இது எப்படிம்மா செல்லும்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் போன் பண்ணினாள். நான் அப்போது சென்னையில் வேலைத்தளத்தில் கூரை கான்கிரீட் போடும் அவசரத்தில் நின்றேன். "கல்யாணம் ஆன பிறகு ஸ்காலர்ஷிப் ஏதும்மா? விடு, அப்புறம் தபால்ல படிச்சுக்கலாம்" என்றேன். "சரிண்ணே" என்று போனை வைத்துவிட்டாள். படிப்பும் அதோடு நின்றது.

ரெண்டு வருஷம் கழித்து, எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்காக அந்தத் திட்டத்தின் விதிகளை முழுசாக வாசித்தேன். அதில் ஒரு சின்னக் குறிப்பு இருந்தது. வருமானம் கணக்கிடும்போது பெற்றோர் வருமானத்தைத்தான் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகாத, கல்யாணமான மாணவி என்றால் கணவரின் வருமானத்தைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கல்யாணமானவளுக்கு உதவித்தொகை கிடையாது என்று அதில் எங்கேயும் இல்லை. அப்பா சான்றிதழுக்குப் பதிலாகக் கணவரின் சான்றிதழ். அவ்வளவுதான்.

எங்கள் மாப்பிள்ளை கொத்தனார். மாதம் 12,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,44,000. வரம்போ 2,50,000. நான்காம் வகுப்புக் கணக்கு! இன்ஜினியர் அண்ணன் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்க்காமல் கம்பி கட்டியவன் மாதிரி பேசிவிட்டேன்.

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் அரசின் கல்வி உதவிக்கு மனுப் போடும் மாணவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டால், பெற்றோர் வருமானத்தை விட்டுவிட்டுக் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தனியாகக் குழந்தை வளர்க்கும் மாணவி, சம்பாதிக்கிறவரைக் கல்யாணம் செய்தால் உதவி குறையலாம். கணவரிடம் பெரிய வருமானம் இல்லையென்றால் கூடவும் செய்யலாம். ஆக, எங்கேயும் கேள்வி "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதல்ல, "இப்போ யார் வருமானம்?" என்பதுதான்.

தங்கைகளுக்கு அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, கல்யாணம் ஆனவுடன் ஆதாரில் அவசரப்பட்டு இனிஷியலை மாற்றாதீர்கள். மதிப்பெண் பட்டியலில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றிருந்தால் வங்கிக் கணக்குக்குப் பணம் வருவதில் சிக்கல் வரும். இரண்டு, சாதிச் சான்றிதழ் பிறப்பை ஒட்டியது, கல்யாணத்தால் மாறாது. மூன்று, பிரசவத்தால் வருகைப்பதிவு குறைந்தால் ஒதுங்கிவிடாதீர்கள். மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் தர விதி செய்யும்படி 2021 டிசம்பரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறது. கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

நம் அரசே இந்த விஷயத்தில் மனம் மாறியிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்தது திருமண உதவித் திட்டம். 2022-இல் அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்வி உதவியாக, 'புதுமைப் பெண்' திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு வந்தது.

எங்கள் ஒரத்தநாட்டுக்கு இது புதுசு இல்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முத்தம்பாள் சத்திரம் அங்கேதான் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுத்த சத்திரம். தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி 1801-இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், பிரசவித்த பெண்களையும் அங்கே வைத்துப் பராமரித்ததைச் சொல்கிறார். பிள்ளை பெற்றவளுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் ஒரே கூரை! இருநூறு வருஷத்துக்கு முன்னால் முடிந்தது, நம்மால் முடியாதா?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழ் மாற்றி வாங்க, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நாள் பிடிக்கும். அதுவரை அந்தப் பெண்ணின் கட்டணத்தை நாம் கட்டுவோம். உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரட்டும். முதல் தொகையை இன்றே நான் தருகிறேன். மனு நிரப்பிக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்றால் அதற்கும் வருகிறேன்.

தங்கை 2021-இல் மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்கி, அஞ்சல் வழியில் 2024-இல் பட்டம் வாங்கிவிட்டாள். சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே, "அன்னைக்கே ஒருதரம் வாசிச்சுப் பாத்திருக்கலாம்லண்ணே" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.