கண்ணகி நகரும் கழுவெளியும்

அன்புத் தோழனே!

மேடையிலே பேசியதை ஏட்டிலும் எழுதுக என்றாய்; எழுதுகிறேன். கைதட்டலுக்கு மயங்கி அன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையைக் கண்டிருப்பாய். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருப்பாய்! ஒருபுறம் பெருங்குடிக் குப்பைமேடு; மறுபுறம் கண்ணாடி மாளிகைகள்; இடையிலே கோரை, பூநாரை, நீலத்தாழைக்கோழி. கழுவெளி என்பது ஊரார் அதற்கிட்ட பெயர். புறம்போக்கு என்பது ஏட்டிலே எழுதிய பெயர். எல்லோருக்கும் உரிய நிலத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது அந்த ஒரு சொல்!

வெறும் சேறா அது? சென்னையின் முற்றமன்றோ! ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலே பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி வழிந்து, இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தருகே கடலைச் சேரும். 1965-ஆம் ஆண்டளவில் சுமார் 5,500 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு, அரை நூற்றாண்டுக்குள் 600 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. ஆட்சிகள் மாறின, மண் கொட்டும் லாரிகள் மாறவில்லை.

மழையோ சுருங்கவில்லை! காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது ஏந்தும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்கிறது அறிவியல். ஆகவே கொட்டத் தொடங்கினால் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்திலே 49 சென்டிமீட்டர் பெய்ததே, மறந்தாயா? கடலும் சும்மா இருக்கவில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கடல் தாழ்ந்திருந்தாலன்றோ கால்வாய் வடியும்? முற்றத்தை நாம் அடைத்தோம். வாசலைக் கடல் சாத்துகிறது. இடையிலே அகப்பட்ட வெள்ளம் வேளச்சேரிக்குள் நுழையாமல் வேறெங்கே போகும்?

வளர்ச்சி வேண்டாமா என்பாய். வேண்டும்! அந்தக் கணிப்பொறி நிறுவனங்களால் உலை கொதிக்கும் வீடுகள் நம் தெருவிலேயும் உண்டு. ஆனால் வளர்ச்சி மேட்டிலே நின்று, வெள்ளம் பள்ளத்திலே நின்றால், பள்ளத்திலே இருப்பவன் யார் என்று கேட்க வேண்டாமா?

அதுதான் அன்று நான் விட்டது. 2000-ஆம் ஆண்டு தொடங்கி, நகரின் நடுவே குடிசையில் வாழ்ந்தோரைப் பெயர்த்தெடுத்து, ஒக்கியம் துரைப்பாக்கத்திலே குடியேற்றினர். கண்ணகி நகர் என்று பெயரும் சூட்டினர். பின்னர் செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம். 2015 வெள்ளம் வடிந்ததும், ஆற்றங்கரை ஆபத்து என்று கூறி, அடையாற்றங்கரை மக்களையும் பெரும்பாக்கத்திற்கு அனுப்பினர். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்று, சதுப்பின் விளிம்பிலே இறக்கினர்! நாடகம் எழுதுகிறவன் நான். இப்படி ஒரு காட்சியை எழுதினால், நம்பமாட்டார்கள் என்று நானே அடித்துவிடுவேன். அரசவையிலே நீதி கேட்டவளின் பெயரை அந்த நகருக்குச் சூட்டியபோது நாம் கைதட்டினோம். அங்கே குடியேறியவளை நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்டோமா?

2022-இல் எஞ்சிய சதுப்பையும் அதனைச் சார்ந்த நிலத்தையும் சேர்த்து 1,247 ஹெக்டேருக்கு மேல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தனர். மகிழ்ந்தேன். ஆனால் எல்லைக்கல்லைப் படிக்கத் தண்ணீருக்குத் தெரியாது. கல்லுக்கு அப்பாலே ஏரியைத் தூர்த்தால், கல்லுக்கு இப்பாலே உள்ள குடிதான் மூழ்கும்.

தோழனே, வரும் கார்த்திகையில் எனக்கொரு கூட்டம் போடு. மயிலையிலே வேண்டாம், பெரும்பாக்கத்திலே போடு. மழை நாளாகப் பார்த்துப் போடு. பேச நான் வருகிறேன்; முதலில் அங்குள்ள தாய்மார்கள் பேசட்டும்.