ஆகுர்டி: நாம் வந்து சேர்ந்த ஊர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



“எந்த ஊர்?” என்று எவரேனும் வினவினால் நாம் தஞ்சை என்போம், நெல்லை என்போம். நம் பிள்ளைகளோ ஆகுர்டி என்கிறார்கள். அவர்களுடைய ஊரின் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமையன்றோ?

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் இருப்புப்பாதையில், சிஞ்ச்வடுக்கும் தேஹு ரோடுக்கும் இடையே உள்ளது ஆகுர்டி. 1858-இல் கண்டாலாவுக்கும் புனேக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியபோது, இது உழவர் வாழ்ந்த சிற்றூர். 1954-இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவப்பெற்றது. 1960-களில் ஆகுர்டியிலேயே பஜாஜ் ஆட்டோ ஆலை எழுந்தது. சோளம் விளைந்த வயல்களில் ஸ்கூட்டர்கள் விளைந்தன. வேலை நாடிப் பல மொழியினரும் வந்தனர், நம்மவரும் வந்தனர். 1970-இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆகிய ஊர்களோடு இணைந்து நகராட்சியாயிற்று; 1982-இல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. புனே–லோணாவளா மின்தொடர் வண்டிகள் 1978 முதல் ஓடத் தொடங்கின.

2007-இல் பஜாஜ் ஆலையில் வண்டி உற்பத்தி நின்றது. ஆலையால் வளர்ந்த ஊர் ஆலையோடு அழிந்துவிடவில்லை. 2022-இல் அதே இடத்தில் மின்சார ஸ்கூட்டர் ஆலை தொடங்கிற்று.

ஆலைகளின் நிலை மாறும். மாறாத பண்பு ஒன்று இவ்வூருக்கு உண்டு. தேஹுவிலிருந்து துகாராம் சுவாமிகளின் பாதுகைகளைத் தாங்கிப் பண்டரிபுரம் செல்லும் பல்லக்கு, இங்குள்ள விட்டலர் கோயிலில் ஓரிரவு தங்கிச் செல்வது மரபு. ஊரார் நடந்து வந்த அடியார்க்கு உணவும் இடமும் அளிக்கின்றனர். எம்மொழி, எவ்வூர் என்று கேட்பாரில்லை. நமக்கும் இவ்வூர் அவ்வண்ணமே இடமளித்தது. அடியார்கள் மறுநாள் விடைபெறுவர், நாமோ நிலைத்துவிட்டோம்.

ஆதலின் நமக்குரிய கடன் பெரிது. தமிழை நம் வீடுகளில் பேணுவோம்; மராத்தியை அண்டை வீட்டாரிடம் அன்போடு பேசுவோம். நமக்கு முன்னே இம்மண்ணை உழுதவர்களை மறவாதிருப்போம். அடுத்த பல்லக்கு வருங்கால், நம் சங்கத்தின் பெயரால் ஒரு நீர்ப்பந்தல் அமைப்போமாக! பல்லாண்டு வாழ்ந்தும் விருந்தினராகவே இருத்தல் தகாது, விருந்தளிப்பவனே ஊர்க்காரன். நம் பிள்ளைகள் “ஆகுர்டி” என்று சொல்லும்போது, நாமும் உடன் சொல்லும் உரிமையை அவ்வாறே பெறுவோம்.