விருந்தும் கண் திறப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஜீயபுரத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கல்வியின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ கடல் கடந்து வாழும் தமிழர்க்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரும் அனுபவம் ஒன்றுண்டு. தாய்நாட்டிலிருந்து நண்பர் வருவார். கையில் நான்கு நாட்களே இருக்கும். அந்நான்கு நாட்களுக்குள் எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற கேள்வி எழும். ஜப்பானின் கோபே நகரில் வாழும் ஒருவரை எடுத்துக் கொள்ளலாம். வடக்கே ரொக்கோ மலையும் தெற்கே கடலும் நெருக்க, இடையே நீண்டு கிடக்கும் துறைமுகம் அது. 1868-இல் அயல்நாட்டு வணிகத்திற்குத் திறந்துவிடப்பட்டது. 1923-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் யோக்கோஹாமா அழிந்தபோது, அங்கிருந்த இந்திய வணிகர் பலர் கோபேக்குக் குடிபெயர்ந்தனர். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935-இல் இங்கு எழுந்தது. சமணர் கோயில் ஒன்றும் 1985-இல் எழுந்தது. கியோத்தோவும் நாராவும் தொடர்வண்டியில் சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவிலேயே உள்ளன. ஆகவே காட்டுவதற்குப் பஞ்சமில்லை. எப்படிக் காட்டுவது என்பதே கேள்வி.

தமிழ் இக்கேள்விக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே ஓர் இலக்கிய வகையைக் கண்டது. ஆற்றுப்படை என்பது அதன் பெயர். பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படையே. வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்குச் சொல்வதே அதன் அமைப்பு. அவ்வழிகாட்டி என்ன சொல்கிறான் என்று கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு உண்டாகும். காணத்தக்க இடங்களை அவன் வரிசைப்படுத்துவதில்லை. இந்நிலத்தில் இன்னார் வாழ்வர், அவர் இன்ன உணவு தருவர், இன்ன மொழி கூறி வரவேற்பர் என்றே சொல்லிச் செல்கிறான். மலைபடுகடாமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வழுக்கும் பாறை எங்கே, பாம்பு உறையும் இடம் எங்கே என்று வழியின் இடர்களையும் எடுத்துச் சொல்கிறது. ஊரின் பெருமையை மட்டும் உரைப்பவன் விளம்பரம் செய்பவன். சோற்றையும் இடரையும் சேர்த்து உரைப்பவனே ஆற்றுப்படுத்துபவன்.

விருந்து என்ற சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. அச்சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் செய்யுளின் வனப்புக்களுள் ஒன்றற்கு அப்பெயரையே இட்டார். வீட்டுக்கு வருபவரும் விருந்து, புதிதாகப் புனையும் செய்யுளும் விருந்து. வந்தவரால் வீடு புதிதாகிறது என்பதை மொழியே உணர்ந்திருக்கிறது. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், முன்னரே அறிமுகமாகி வருவோர், அறிமுகமின்றி வருவோர் என விருந்தினரை இருவகைப்படுத்தினார். இப்பகுப்பு ஜீயபுரத்தின் கதைக்குத் திறவுகோலாக அமையும். அதற்குமுன் நாராவின் கதையைக் கேட்டல் வேண்டும்.

736-ஆம் ஆண்டில் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி, சீனத்திலிருந்து கடல் வழியாக ஜப்பான் சென்றார். அவர் தென்னிந்திய அந்தணர் என்பது ஜப்பானிய மரபு. இன்றைய ஒசாக்காவாகிய நானிவாத் துறையில் அவரை எதிர்கொண்டழைத்தவர் கியோகி என்னும் முதிய துறவி. அரசவையில் அடங்கியிருந்தவரல்லர் கியோகி. ஊர் ஊராகச் சென்று குளம் வெட்டியும் பாலம் அமைத்தும் மக்களோடு மண் சுமந்தவர். கோபேக்கும் ஒசாக்காவுக்கும் இடையே இத்தாமி நகரிலுள்ள கொயா ஏரி அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. இவ்விருவரும் துறையில் சந்தித்தபோது ஒருவரையொருவர் விளித்துப் பாடியனவாகச் செய்யுட்களைப் பழைய ஜப்பானியத் தொகைநூல் ஒன்று காத்து வைத்திருக்கிறது. விருந்தினரும் விருந்தோம்புவாரும் கவிதையால் கைகுலுக்கிய காட்சி அது. கவிஞர்கள் அமர்ந்துள்ள இவ்வவையில் அதனை நினைவுகூர்தல் பொருத்தமே.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. நாராவின் தோதாய்ஜிக் கோயிலில் பெரும் புத்தர் திருமேனி வார்க்கப்பட்டது. 752-இல் அதற்குக் கண் திறக்கும் விழா நிகழ்ந்தபோது, தூரிகையை ஏந்தும் பேறு போதிசேனருக்குக் கிட்டியது. இங்கும் சிலைக்குக் கண் திறத்தல் இறுதிச் சடங்கே ஆதலால் அதன் பொருள் தமிழருக்கு எளிதில் விளங்கும். நாராவில் அச்சடங்கோடு ஒரு புதுமையும் சேர்ந்தது. தூரிகையில் நீண்ட கயிறு கட்டப்பட்டிருந்தது. முடிதுறந்த ஷோமு பேரரசர் உள்ளிட்ட கூட்டத்தார் அக்கயிற்றைப் பற்றி நின்றனர். எழுதியது அயலான் கை. அவ்வூர் மக்களின் கைகளோ கயிற்றின் வழியே அக்கையோடு இணைந்திருந்தன. அக்கயிறு நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பேணப்படுகிறது.

ஊர் காட்டுதலின் உட்பொருள் இக்கயிற்றில் அடங்கியிருக்கிறது. விருந்தினர் கண் திறக்கிறார், ஊரார் கயிற்றைப் பற்றி நிற்கின்றனர். காட்டுபவன் கொடுக்கிறான், காண்பவன் பெறுகிறான் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் பெறுபவன் காட்டுபவனே.

கியோத்தோவின் சாஞ்சூசாங்கெந்தோ மண்டபத்தில் இதனைக் காணலாம். 1164-இல் நிறுவப்பெற்று, தீக்கிரையாகி, 1266-இல் மீண்டும் எழுந்த அந்நெடிய மண்டபத்தில் அவலோகிதேசுவரரின் திருவுருவங்கள் ஆயிரத்தொன்று உள்ளன. காவல் தெய்வங்கள் இருபத்தெட்டு. ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்த ஒருவருக்கு அவை பழகிப்போன மரச் சிற்பங்கள். திருவரங்கத்திலிருந்து வந்த நண்பரோ ஓர் உருவத்தின் முன் நின்றுவிடக் கூடும். அலகும் சிறகும் கொண்டு குழல் ஊதும் அவ்வுருவத்தின் பெயர் கருரா. கருடனே அது. அரங்கன் கோயிலில் பேருருக் கொண்டு அமர்ந்திருக்கும் கருடாழ்வாரைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கு, குழல் ஊதும் கருடன் புதுமையாகவும் உறவாகவும் தோன்றும். பத்து முறை அவ்வழியே நடந்தவர் பதினோராம் முறை, நண்பரின் கண்ணைக் கொண்டு, அவனை முதன்முதலாகக் காண்பார்.

இனி ஜீயபுரம். பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் திருநாளில் நம்பெருமாள் திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து இவ்வூர் மண்டபத்திற்கு எழுந்தருள்கிறார். அதன் காரணமாக வழங்கும் கதையை இங்குள்ள குழந்தைகளும் அறிவர். அரங்கனிடம் பேரன்பு பூண்ட மூதாட்டி ஒருத்தி. அவளுக்கு ரங்கன் என்றொரு பேரன். முகம் மழித்துக்கொண்டு நீராடச் சென்றவனை ஆற்று வெள்ளம் அடித்துச் சென்றது. கிழவி அரங்கனைக் கூவி அழுதாள். பேரன் வடிவில் அரங்கனே வந்தான். பழைய சோற்றையும் மாவடுவையும் இட்டாள், அவன் உண்டான். வெள்ளத்தினின்று பிழைத்த மெய்ப் பேரனும் வீடு திரும்பியபோது, உண்டவன் மறைந்தான்.

பரிமேலழகர் பிரித்த இருவகை விருந்தும் இக்கதையில் ஒருவரிடத்தே கூடிவிடுகின்றன. கிழவிக்கு வந்தவன் மிகவும் தெரிந்தவன், முற்றும் தெரியாதவனும் அவனே. அவனுக்கென்று அவள் தனியே எதுவும் சமைக்கவில்லை. வீட்டில் இருந்ததை இட்டாள். அதுவே ஆண்டுதோறும் திருவிழாவாயிற்று. வெளிநாட்டு நண்பருக்கு என்ன காட்டுவது என்று திகைப்பவர்க்கு ஜீயபுரம் தரும் விடை இது: வீட்டில் இருப்பதை இடுக.

ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. கோபேயில் வாழும் தமிழர் அந்நகரின் ஒவ்வொரு தெருவையும் விளக்கிக் காட்ட வல்லவர். அவருடைய ஜப்பானிய நண்பர் என்றேனும் திருச்சிக்கு வந்தால், மலைக்கோட்டையையும் திருவரங்கத்துத் தெற்கு வாயிலில் 1987-இல் நிறைவெய்திய இராசகோபுரத்தையும் காட்டுவர். கரூர்ச் சாலையில் வண்டி விரையும். ஜீயபுரம் சன்னலுக்கு வெளியே சில நொடிகளில் கடந்து போகும். பிறந்த ஊர் காட்டத்தக்க ஊர் என்று காட்டுபவருக்கே தோன்றுவதில்லை. வெளியூரைக் காட்டக் கற்றவர் தம் ஊரைக் காட்ட மறந்துவிடுதல் சிறு இழப்பன்று. காட்டப்படாத ஊர், மெல்ல மெல்லத் தன்னவராலும் காணப்படாத ஊராகும்.

காட்டுவதற்கு இங்கே இல்லாததில்லை. ஈரோடு செல்லும் இருப்புப்பாதையில் ஜீயபுரம் நிலையத்தில் இறங்கி, வாழைத் தோட்டங்களின் ஊடே நடந்தால் காவிரிக் கரையை அடையலாம். மேற்கே திருப்பராய்த்துறை. ஐப்பசி முதல் நாளின் முதல் முழுக்கு அங்கே, கடைமுழுக்கு மயிலாடுதுறையில். ஒரு மாதம் முழுவதையும் ஓர் ஆற்றின் நெடுகிலும் விரித்து வைத்த நாட்காட்டி அது. சித்பவானந்த அடிகள் 1942-இல் நிறுவிய இராமகிருஷ்ண தபோவனமும் அங்கேயே உள்ளது. அருகில் முக்கொம்பு. அகண்ட காவிரி அங்கே காவிரியும் கொள்ளிடமுமாகப் பிரிந்து அரங்கத்தைத் தீவாக்குகிறது. கொள்ளிடம் தாழ்ந்து நீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடியமையால், ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். குளம் வெட்டிய கியோகியின் நாட்டிலிருந்து வருபவருக்கு இதனை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை.

காயத்தையும் காட்டல் வேண்டும். 1995 சனவரி 17-ஆம் நாள் விடியலில் கோபே நிலநடுக்கத்தால் சிதைந்தது. அப்பேரிடரில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் எழுந்தது. எனினும் துறைமுகத்தின் மெரிக்கன் பூங்காவில், இடிந்த கரைச்சுவரில் ஏறத்தாழ 60 மீட்டர் நீளம் செப்பனிடப்படாமல் அவ்வாறே காக்கப்படுகிறது. சாய்ந்த விளக்குக் கம்பங்கள் சாய்ந்தபடியே நிற்கின்றன. விருந்தினரை அங்கே அழைத்துச் செல்வது அந்நகரின் வழக்கம். இங்கும் 2018 ஆகஸ்டு 22 இரவு, கொள்ளிடத்து மேலணையின் மதகுகளில் 9 வெள்ளத்தில் உடைந்து போயின. 182 ஆண்டுகள் நின்ற அணை அது. பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பட்டது. முக்கொம்புப் பூங்காவைக் காட்டுபவர் அவ்விரவையும் சொல்லவேண்டும். ஆற்று மணல் எப்படி இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். மலைபடுகடாம் வழியின் இடரை மறைக்கவில்லை.

தி. ஜானகிராமன் ஜப்பான் சென்று வந்து ‘உதயசூரியன்’ எழுதினார். அவரே சிட்டியோடு சேர்ந்து காவிரிக் கரை நெடுகச் சென்று ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார். அயல்நாட்டைக் கண்ட கண் சொந்த ஆற்றையும் புதிதாய்க் காணும் என்பதற்கு இவ்விரு நூல்களும் அருகருகே நிற்கும் சான்று.

பத்தாண்டுகள் கவிதை வாசித்த இவ்வட்டத்திற்கு அடுத்த பத்தாண்டுக்கான பணி ஒன்று காத்திருக்கிறது. ஜீயபுரத்திற்கு ஓர் ஆற்றுப்படை வேண்டும். எந்தப் படித்துறையில் வழுக்கும், எந்த மாதத்தில் வாழைத்தார் வெட்டுவர், எந்தத் திண்ணையில் மோர் கிடைக்கும், எந்த இடத்தில் ஆறு உடைந்தது என்று சொல்லும் கவிதைகள் வேண்டும். ஒருவர் எழுதி முடிக்கக் கூடியதன்று அது. இவ்வூரார் ஒவ்வொருவரும் ஓரடி தரலாம். ஒருநாள் கோபேயிலிருந்து வருபவர் கையில் அவ்வேடு இருக்குமானால், அவர் இவ்வூருக்குக் கண் திறப்பார். கயிற்றைப் பற்றி நிற்க இவ்வூரார் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.