சதுர அடியும் சட்டைப்பை கால்குலேட்டரும்



இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பெரும்பாலானவை கால்குலேட்டரைச் செய்தவர்களைப் பற்றியவை: எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, உள்ளே யாருடைய சில்லு. அதை வாங்கியவர் மேசையில் என்ன கணக்கு காத்திருந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. தலைமை தாங்குபவனுக்கு இருக்கும் ஒரே சலுகை, தன் குறையை மற்றவர்களுக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்பது. சொல்லிவிட்டேன்.

செய்தவர்கள் கதையும் சுவையானதுதான், மறுக்கவில்லை. பஸ், டிராம் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவிகளால் பெயர் வாங்கிய லண்டன் கம்பெனி பெல் பஞ்ச். அதே கம்பெனி 'சம்லாக்' என்ற பெயரில் கூட்டல் எந்திரங்களும் செய்தது. பவுனுக்கும் ஷில்லிங்குக்கும் பென்ஸுக்கும் தனித்தனி வரிசையாகச் சாவிகள் வைத்த எந்திரங்கள் அதில் உண்டு. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்ற நாட்டின் பணக்கணக்கு அப்படியே இரும்பில் உட்கார்ந்திருந்தது. 1961-இல் அவர்கள் வெளியிட்ட 'அனிதா'தான் உலகில் முதலில் விற்பனைக்கு வந்த முழு எலக்ட்ரானிக் மேசைக் கால்குலேட்டர். நம் ஊர்ப் பெண்பிள்ளைப் பெயர் என்று மகிழ வேண்டாம், ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. பதினைந்து கிலோவை ஒட்டிய எடை, 355 பவுன் விலை. சட்டைப்பையில் வைக்கிற பேச்சே இல்லை.

மெல்லிய சட்டைப்பைக் கருவி வந்தது 1972-இல். கிளைவ் சின்க்ளேரின் 'எக்ஸிகியூட்டிவ்' ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. உள்ளே இருந்த சில்லு அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்தது, மின்சாரத்தை வாரிக் குடிக்கும். சின்க்ளேரின் ஆட்கள் அந்தச் சில்லுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தார்கள், நொடிக்குப் பல்லாயிரம் முறை. அதனால் காதுகேள் கருவிக்குப் போடும் பொட்டு பேட்டரியே போதுமானதாயிற்று. விலை 79.95 பவுன். மறு ஆண்டே 'கேம்பிரிட்ஜ்' என்ற அடுத்த மாடல் 29.95 பவுனுக்கு வந்துவிட்டது. அதே 1973-இல் பெல் பஞ்ச் குழுவின் கால்குலேட்டர் கம்பெனியான சம்லாக் அனிதாவை அமெரிக்க ராக்வெல் வாங்கியது. ஜப்பானின் கேசியோ ஏற்கெனவே சந்தையில் இறங்கியிருந்தது. விலை விழுந்த வேகத்தில் பிரிட்டிஷ் கம்பெனிகளால் காலூன்ற முடியவில்லை.

இங்கே இந்தியாவிலும் ஒரு சிறு கிளைக்கதை உண்டு. கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்த சிவ நாடாரும் நண்பர்களும் 1970-களின் நடுவில் தொடங்கிய மைக்ரோகாம்ப் முதலில் விற்ற சரக்கு கால்குலேட்டர். அவர்களின் கம்ப்யூட்டர் கம்பெனி எச்.சி.எல். அதற்குப் பின்னால் வந்தது. அதை விரிவாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் கருவியை வாங்கியவர் பக்கத்துக்கு, நம் வட்டாரத்தின் தோல் கணக்குக்கு வருகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து நெடுங்காலம் லண்டனுக்குப் போனது பட்டைத் தோல். ஆவாரம் பட்டையிலும் பிறகு வாட்டில் பட்டையிலும் பதனிட்ட அந்த 'ஈஸ்ட் இந்தியா' தோல் எடைக்கு விற்றது, ராத்தலுக்கு இத்தனை பென்ஸ் என்று. தராசும், பெருக்கல் வாய்பாடும், மடியில் ரெடி ரெக்கனர் என்ற கணக்கு அட்டவணைப் புத்தகமும் இருந்தால் கணக்குப்பிள்ளை காரியத்தை முடித்துவிடுவார். 1972-இல் தோல் ஏற்றுமதியை ஆராய சீதாராமையா குழு அமைந்தது. மறு ஆண்டு முதல் பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. முழுதும் பதனிட்ட ஃபினிஷ்ட் லெதராக, ஷூவாக அனுப்பு என்பது அரசின் கொள்கையாயிற்று. ஃபினிஷ்ட் லெதர் விற்பது எடைக்கல்ல, சதுர அடிக்கு. சின்க்ளேர் தன் கருவியைக் கடைக்கு அனுப்பிய அதே ஓரிரு ஆண்டுகளில், நம் வட்டாரத்தின் கணக்கே தராசிலிருந்து பரப்பளவுக்கு மாறத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல். ஆனால் ஆய்வாளர்கள் சும்மா தாண்டிப் போகக் கூடாத தற்செயல்.

ஆட்டுத்தோல் செவ்வகமாகவா பிறக்கிறது? கழுத்து, கால், வயிற்று ஓரம் என்று வளைந்து நெளிந்து கிடக்கும் ஒன்றுக்குப் பரப்பளவு சொன்னது அளவு மெஷின். வரிசையாக ஊசிச் சக்கரங்கள், கீழே உருளை. ஒவ்வொரு சக்கரமும் தன் கீழே தோல் ஓடும் நீளத்தை மட்டும் எண்ணும். எல்லாச் சக்கரங்களின் எண்ணிக்கையும் உள்ளே ஒன்றுகூடி முகப்பில் இருக்கும் ஒற்றை முள்ளை நகர்த்தும். கல்லூரியில் தொகையீடு என்று நாம் கரும்பலகையில் போடுவதை, மின்னணு ஏதுமில்லாத இந்த எந்திரம் தன் முன் நிற்கும் தொழிலாளிக்குச் செய்து கொடுத்தது. கணக்கு எந்திரங்களின் வரலாற்று நூல்களில் இதற்கு இடம் தராததை நான் பெரிய விடுபடலாகவே கருதுகிறேன். அனிதாவுக்கு அருகில் நிறுத்த வேண்டிய எந்திரம் இது.

முள் காட்டியதை எழுதும் முறை இன்னும் சுவாரசியம். தோலின் பின்புறத்தில் 5 என்று எழுதி, அதன் தலைமேல் சின்னதாக 3 போட்டால் ஐந்தே முக்கால் சதுர அடி. தலைமேல் 2 இருந்தால் அரை, 1 இருந்தால் கால். எண்சுவடி படித்த தலைமுறைக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கால், அரை, முக்கால் என்று வாயால் கூட்டிப் பழகியவர்கள், ரூபாய்க்குப் பதினாறு அணா கண்டவர்கள். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியா தசமக் காசுக்கு மாறியது. பிரிட்டன் மாறியது 1971 பிப்ரவரியில்தான். கால்குலேட்டர் இங்கே வந்தபோது பணம் தசமத்துக்குப் பணிந்திருந்தது, தோல் பணியவில்லை.

மூன்று தோல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்தே முக்கால், ஆறே கால், நாலரை. மனக்கணக்கில் முழு அடிகள் பதினைந்து, கால்கள் ஆறு, ஆக பதினாறரை. தலைமேல் இருக்கும் எண்ணைப் புள்ளிக்குப் பின்னால் வைத்து 5.3, 6.1, 4.2 என்று தட்டினால் 15.6 வரும். மூன்றே தோலில் கிட்டத்தட்ட ஒரு சதுர அடி காணாமல் போகிறது. கருவி பிழையே செய்யவில்லை. அதற்கு .75, .25, .5 என்று மாற்றிச் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அவர் யார், எங்கே கற்றார், கால்குலேட்டர் வந்த பிறகு அவர் சம்பளம் ஏறியதா இறங்கியதா? சட்டைப்பைக் கருவி காகிதத்தில் தடம் விடாதே. அப்படியானால் டேனரி ஆபீஸில் மொத்தத்தைச் சரிபார்த்தவர் எதை நம்பினார்? இந்தக் கேள்விகளோடு எந்தக் கட்டுரையும் வரவில்லை. இளையவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குச் சான்று இங்கிலாந்தில் கிடைக்காது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலும் நம் வட்டாரத்துக் குடோன்களிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பேக்கிங் லிஸ்ட்டுகளில் கிடைக்கும். எந்த ஆண்டில் கையெழுத்துக் கூட்டல் நின்று அச்சு மொத்தம் வருகிறது, எந்த ஆண்டில் தலைமேல் எண் மறைந்து தசமப்புள்ளி வருகிறது என்று ஒரே ஒரு டேனரியின் தாள்களை வரிசையாகப் பார்த்தாலே ஒரு முனைவர் பட்டத்துக்குக் காணும்.

முதல் அமர்வு அளவு மெஷின்களைப் பற்றியது. பழைய பேக்கிங் லிஸ்ட், ரெடி ரெக்கனர் கொண்டுவந்திருப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் வரவேற்பு மேசையில் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திருப்பித் தந்துவிடுவார்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.